இந்தத் தண்ணீர் அடுத்து யாருக்குப் போதும்?

ஈப்போவில் நான் வேலை பார்த்த கையுறைத் தொழிற்சாலையின் முதலாளிக்குத் திருப்பூர்ப் பக்கம் ஒரு நண்பர் இருந்தார். அந்த நண்பருக்குத் தண்ணீரில் பிரச்சினை. என் முதலாளிக்கு என்னிடம் பிரச்சினை. கூட்டங்களில் நான் அதிகம் பேசுகிறேனாம். இரண்டையும் ஒரே விமான டிக்கெட்டில் தீர்த்துவிடலாம் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். தொண்ணூறுகளின் நடுவில், ஒரு பங்குனி மாதம், நான் இரவல் கொடுக்கப்பட்டேன்.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு ஆலைக்குள் வருகிற தண்ணீர் எங்கெங்கே போகிறது, எவ்வளவு அழுக்காகி வெளியே வருகிறது என்று பார்ப்பேன். ஓரிடத்தில் வேண்டாம் என்று கொட்டும் நீர், இன்னோரிடத்தில் தாராளமாகப் போதும். அந்த இரண்டு இடங்களையும் கண்டுபிடித்து நடுவில் ஒரு குழாய் போட வேண்டும். இதைக் கணக்காகவும் வரைபடமாகவும் எழுதினால் சம்பளம் கொடுக்கிறார்கள்.

கோயமுத்தூரில் நான் இறங்கினேன், என் பெட்டி இறங்கவில்லை. அது சென்னையிலேயே தங்கிவிட்டது. என் உடைகளும், தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று காட்டும் மீட்டரும் அதற்குள் இருந்தன. வரவேற்க வந்திருந்த சென்னியப்பன், அதாவது அந்த நண்பர், வெள்ளைச் சட்டையும் பெரிய மீசையுமாக நின்றார். விஷயத்தைச் சொன்னேன்.

"பொட்டி கெடக்குதுங்க அம்மணி. நீங்க வந்துட்டீங்களல்ல, அது போதுமுங்க" என்றார்.

அவருக்குப் போதும். அந்த வாரம் முழுவதும் அவர் மனைவி சரசக்காவின் புடவையில்தான் நான் அவருடைய சாயப்பட்டறைக்குள் அலைந்தேன். ரவிக்கைக்குள் இன்னொரு பொறியாளருக்கும் இடம் இருந்தது.

சோமனூர் தாண்டுவதற்குள் அம்பாசிடர் காரின் ஃபேன் பெல்ட் அறுந்தது. இரண்டு பக்கமும் விசைத்தறிகள் போட்ட சத்தத்தில் ஒருவர் பேசியது ஒருவருக்குக் கேட்கவில்லை. தறிக் கொட்டகையிலிருந்து ஒருவர் வெளியே வந்து, சாவகாசமாக எட்டிப் பார்த்து, உள்ளே போய்ப் பழைய தறி பெல்ட் துண்டு ஒன்றை எடுத்துவந்து தைத்து மாட்டினார். அறுந்துபோன எங்கள் பெல்டை அவர் வாங்கிக்கொண்டார். தறியில் எதற்கோ ஆகுமாம். "இது எதுவரைக்கும் தாங்கும்?" என்று கத்தினேன். "போற வரைக்கும் போவுமுங்க" என்று அவரும் கத்தினார். வண்டி கிளம்பிவிட்டது. இந்த ஊருக்கு என்னைக் கடல் தாண்டி வரவழைத்தது வீண்செலவோ என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

அவர்கள் வீடு பல்லடத்தில். அரிசிம்பருப்புச் சோறும் கட்டித் தயிரும் போட்டார்கள். மலேசியாவில் 'பசியாறியாச்சா' என்று கேட்பது வணக்கம் சொல்வது மாதிரி. பதிலுக்கு யாரும் காத்திருப்பதில்லை. சரசக்கா கேட்கவேயில்லை, நேராகத் தட்டில் போட்டுவிட்டார். நெய் வேண்டாம் என்று கையை நீட்டினேன். கையின் ஓரத்தில் கொஞ்சம் விழுந்தது, மீதி சோற்றுக்குப் போய்ச் சேர்ந்தது. ஊரிலே ஒருவருமே 'இல்லை', 'வேண்டாம்' என்ற சொற்களைப் புழங்குவதில்லை என்று அன்றிரவே தெரிந்துகொண்டேன். அது வேலைக்கும் உதவாது என்பதைத் தெரிந்துகொள்ள இன்னும் சில நாள் ஆயிற்று.

மறுநாள் பட்டறைக்குப் போனோம். வழியெல்லாம் ஒரு கோழி லாரியின் பின்னாலேயே போனதால், இறங்கும்போது என் தலையில் இறகு இருந்தது. சாயம் ஏற்றும் பொறுப்பிலிருந்த டையிங் மாஸ்டர் ரங்கசாமி அதைப் பார்த்தார். மரியாதைக்காக ஒன்றும் சொல்லவில்லை. மதியம் கண்ணாடியில் நானே எடுத்தேன்.

பின்னலாடைத் துணியைக் கயிறு போல முறுக்கி, தொட்டிக்குள் சுற்றிச் சுற்றி விடும் வின்ச் இயந்திரங்கள் வரிசையாக நின்றன. ஒரு பக்கம் கறுப்பு, கருநீலம் போன்ற அடர்நிறங்கள். இன்னொரு பக்கம் ரோஸ், மஞ்சள் போன்ற வெளிர்நிறங்கள். பருத்தியில் சாயம் ஏற உப்பு வேண்டும், மூட்டை மூட்டையாக. சாயம் ஏறியதும் அந்த உப்புத் தண்ணீரைத் திறந்துவிடுவார்கள். பிறகு புதுத் தண்ணீரில் ஓர் அலசல், சோப்பில் ஓர் அலசல், மறுபடி புதுத் தண்ணீரில் அலசல், மறுபடி அலசல். எல்லாம் கடைசியில் பட்டறைக்குப் பின்னால் இருக்கும் ஓடைக்குப் போய்விடும்.

"இன்னைக்கு என்ன கலரு ஓடுதுன்னு ஆர்டர் புஸ்தகத்தப் பாக்க வேண்டியதில்லீங்க. ஓடையப் பாத்தாப் போதும்" என்றார் சென்னியப்பன். பெருமையாகச் சொல்லவில்லை. வெட்கமும் படவில்லை.

ஓடை அடுத்த தோப்புக்குப் போகிறது. தோப்பு அவருடைய அண்ணன் நாச்சிமுத்துவினுடையது. அண்ணனின் கீழ்க் கிணறு உப்பாகிவிட்டது. அண்ணன் மனுக் கொடுத்திருந்தார். வெள்ளிக்கிழமை மாசுக்கட்டுப்பாட்டு அதிகாரி வருவார். ஓடைக்குப் போகும் தண்ணீர் நிற்காவிட்டால் மின்சாரத்தைத் துண்டித்துவிடுவார். அண்ணனும் தம்பியும் பேசி இரண்டு வருஷம் ஆகிறது. இவ்வளவையும் சென்னியப்பன் எனக்கு இளநீர் சீவிக்கொண்டே சொன்னார். இளநீர் அண்ணன் தோப்பிலிருந்து வந்தது. பேச்சுதான் இல்லையாம், காய்கறிப் போக்குவரத்து உண்டாம்.

நான் ஒரு பெரிய தாளில் கோடுகள் போட்டேன். ஒவ்வோர் இயந்திரத்துக்கும் எவ்வளவு மோசமான தண்ணீர் வரை ஆகும் என்று ஒரு பக்கம், அது எவ்வளவு மோசமான தண்ணீரை வெளியே விடுகிறது என்று இன்னொரு பக்கம். கடைசி அலசல் நீர் கிட்டத்தட்டத் தெளிவாகத்தான் இருக்கிறது. அடுத்த துணியின் முதல் அலசலுக்கு அது போதும். கறுப்புச் சாயத் தொட்டியில் உப்பு அப்படியே இருக்கிறது. கொஞ்சம் சாயம் சேர்த்தால் அடுத்த கறுப்புக்கு அதே நீர் ஆகும், உப்பும் ஓடைக்குப் போகாது. வெளிர்நிறத்தில் மிஞ்சுவதை வெளிர்நிறத்துக்கும், அதிலும் மிஞ்சியதைக் கறுப்புக்கும் தள்ளிவிடலாம். தாளில் ஓடைக்குப் போன அம்புக்குறிகளை ஒவ்வொன்றாக அடித்துவிட்டேன். எனக்கே என்னைப் பிடித்திருந்தது.

ரங்கசாமி தாளை வெகுநேரம் பார்த்தார்.

"ஏனுங்க மேடம், ஒரு பார்ட்டியோட துணி குளிச்ச தண்ணிய அடுத்த பார்ட்டியோட துணிக்கு ஊத்தறதுங்களா?"

"ஆமாம். அதுதான் திட்டமே."

"எச்சத் தண்ணிங்களே."

"துணிக்கு எச்சில் தெரியாது."

"அது செரிங்க. பண்ணிப்போடலாமுங்க" என்றார். முகத்தில் ஒரு சம்மதமும் இல்லை. ஈப்போவில் எங்கள் சீனத் தலைமைப் பொறியாளர் பிடிக்காவிட்டால் தாளை என் மேசைக்கே திருப்பி எறிவார். அது எவ்வளவு வசதியான பழக்கம் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை ஓடையின் கரையோடு நடந்து பார்த்தேன். தோப்பில் தென்னைகள் நின்றன. கீழ்வரிசையில் குருத்து மஞ்சளித்து, காய்கள் சிறுத்திருந்தன. சரசக்காவின் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஓடைத் தண்ணீரை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் குரல் கேட்டது.

"ஏனுங் கண்ணு, ஆரு வேணுமுங்க? அதைய வாயில வெக்காதீங்க."

நாச்சிமுத்து அண்ணன். தம்பியைவிட ஒல்லி; மீசை மட்டும் அதே மீசை. நான் யாரென்று சொன்னேன். அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. மேல்தோட்டத்துக்குக் கூட்டிப்போய், அங்கிருந்த கிணற்றிலிருந்து ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தார். அப்படி ஒரு தண்ணீரை நான் எங்கும் குடித்ததில்லை. சர்க்கரை போட்டாரோ என்று சொம்புக்குள் பார்த்தேன்.

"இது ஒண்ணுதானுங்க மிச்சம்" என்றார். "கீழ்க்கெணறு போச்சுங்க. இதுவும் போச்சுன்னா, குடிக்கறதுக்கே எங்காச்சும் போயித் தூக்கியாரோணும்."

"அதனால்தான் மனுக் கொடுத்தீர்களா?"

"வேற என்னங்க பண்றது. தம்பி மேல கையா வெக்க முடியும்? தண்ணி நின்னுபோச்சுன்னா நானே சொல்லிப்போடறேன், திருப்தியாச்சு, போங்கன்னு. நின்னுருமுங்களா கண்ணு?"

நின்றுவிடும் என்றேன். என் தாளின் மீது எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

செவ்வாய்க்கிழமை குழாய் போட்டோம். கிணற்றோரம் கிடந்த பழைய மோட்டார்களையும், பாசனத்துக்கு வாங்கிப் போட்டிருந்த ஹோஸ்களையும் கோத்து, பயன்பட்ட அலசல் நீர் வந்து சேர ஒரு தொட்டியை ஒதுக்கினோம். புதன்கிழமை காலை சோதனை. நான் போனபோது தொட்டி நிறைந்து தயாராக இருந்தது. "வெள்ளனயே புடிச்சு வெச்சுட்டனுங்க" என்றார் ரங்கசாமி. ஒரு பக்கம் கறுப்பு, ஒரு பக்கம் வெளிர் ரோஸ். மீட்டர் சென்னையில் இருந்ததால் துணிதான் எனக்கு மீட்டர். மாலையில் துணி வெளியே வந்தது. கறுப்பு கறுப்பாக இருந்தது. ரோஸ், பிறந்த குழந்தையின் உள்ளங்கால் மாதிரி இருந்தது. சென்னியப்பன் அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார்.

"நல்லாருக்குதுங்க அம்மணி. போன வாரம் புதுத் தண்ணியில போட்டதவிட நல்லாருக்குதுங்க."

அந்த ஒரு வாக்கியத்தில் நான் விழித்துக்கொண்டிருக்க வேண்டும். பாராட்டு வரும்போது நான் கணக்குப் பார்ப்பதில்லை.

அன்று மாலை ரங்கசாமி வீட்டில் விருந்து. நாட்டுக்கோழிக் குழம்பு. அவர் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். நான் வளர்ந்த ரப்பர் தோட்டத்தில் பாதி வீடுகள் தெலுங்கு என்பதை யாரும் என்னிடம் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எனக்கு இன்னொரு கோழித்துண்டைப் போட்டுவிட்டு உள்ளே போன ரங்கசாமியிடம் அவர் மனைவி தெலுங்கில் கேட்டார்:

"துணி நன்றாக வந்ததா?"

"வராமல் என்ன? விடியும்முன்னே இரண்டு டேங்கர் நல்ல தண்ணீரை அந்தத் தொட்டியில் இறக்கிவிட்டேன். பழைய தண்ணீரை ஓடைக்குத் திறந்துவிட்டாயிற்று."

"அந்தப் பெண்ணுக்குத் தெரியுமா?"

"அதற்கு ஏன் தெரிய வேண்டும்? கடல் தாண்டி வந்திருக்கிறது. முதன்முதலாகக் கைவைத்த காரியம் கெட்டுப்போனால் மனசு என்ன பாடுபடும்?"

கோழியை அப்படியே வைத்தேன். கையைக் கழுவிக்கொண்டு நேராகப் பட்டறைக்கு நடந்தேன்; பக்கத்துத் தெருதான். தொட்டியின் அடியில் மிச்சம் இருந்ததைக் கையில் ஏந்திக் குடித்தேன். சர்க்கரை போட்ட மாதிரி இருந்தது.

பின்னாலேயே வந்த ரங்கசாமியிடம் தெலுங்கிலேயே கேட்டேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்துப் பிறகு எனக்கே பாவமாகிவிட்டது. ஆனால் அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. தமிழுக்கு மாறி விளக்கினார்.

"கல்யாண ஊட்ல மாப்பிள்ள இலைக்குத் தீஞ்ச சோத்த வெப்பாங்களா மேடம்? மொதத் தடவை நல்லபடியா ஆகோணுமுங்க. அடுத்த தடவையிருந்து உங்க தண்ணியிலயே பண்ணிப்போடலாமுங்க."

"இது நாச்சிமுத்து அண்ணன் கிணற்றுத் தண்ணீர்."

"ஆமாங்க. வேற எங்கயும் இத்தன நல்ல தண்ணி இல்லீங்களே. சொன்னனுங்க, உடனே மோட்டாரப் போட்டுட்டாருங்க."

விவரம் தெரிந்து வந்த சென்னியப்பனும் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றார். டேங்கர் வந்தது அவருக்குத் தெரியாது. யார் கிணறு என்று தெரிந்ததும் பக்கத்திலிருந்த உப்பு மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டார். "அண்ணன் குடிக்கற தண்ணிங்களா?" என்று இரண்டு தடவை கேட்டார். 

வியாழக்கிழமை விடிந்ததும் தோப்புக்குப் போனேன். நாச்சிமுத்து அண்ணன் பல் துலக்கிக்கொண்டிருந்தார்.

"ஏன் கொடுத்தீர்கள்?"

வாயைக் கொப்பளித்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "சண்டை எங்க ரெண்டு பேருக்குள்ளங்க. நடுவால வந்த புள்ள தோத்துப்போயி ஊருக்குப் போவோணுமுங்களா?"

"நாளைக்கு அதிகாரி கேட்டால்?"

"ஆச்சுன்னு சொல்லிப்போடறனுங்க. உங்களைய முன்னாடி வெச்சுக்கிட்டுத் தம்பிய எப்புடிக் கொறை சொல்றதுங்க?"

"உங்கள் கிணறு?"

"அது கெடக்குதுங்க கண்ணு. காப்பி குடிக்கறீங்களா?"

எனக்குக் கோபம் வந்தது. நல்ல கோபம். இவ்வளவு நல்லவர்களிடம் கோபப்படுவது எப்படி என்று எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை. கத்தினால் காப்பியில் இன்னொரு கரண்டி சர்க்கரை போடுவார்கள். ஒரு மனிதர் தன் கடைசி நல்ல கிணற்றை இழக்கப் போகிறார், என் மனசு நோகக்கூடாது என்பதற்காக. அந்த நினைப்பில் கண் கலங்கிவிட்டது. அவர் அதைப் பார்த்துவிட்டு, புகையா என்று அடுப்புப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

கடைசியில் அவர்கள் ஆயுதத்தையே எடுத்தேன். "இன்றைக்கு மறுபடி சோதனை. நிஜமான பழைய தண்ணீரில். உங்கள் மோட்டார் அறையைப் பூட்டிவிட்டு நீங்கள் வந்து தொட்டி பக்கத்தில் உட்கார வேண்டும். விருந்தாளி கூப்பிடுகிறேன். வராமல் இருப்பீர்களா?"

மனிதருக்கு வேறு வழியில்லை. வந்தார்.

இரண்டு வருஷத்துக்குப் பிறகு தம்பியின் பட்டறைக்குள் நுழைந்தவர், நாற்காலி போட்டும் உட்காராமல் தொட்டியோரம் குந்தினார். சென்னியப்பன் தூணுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டார். நடுவில் நான் போய்வந்துகொண்டிருந்தேன். "அண்ணனுக்கு டீ வேணுமான்னு கேளுங்க அம்மணி." "வேணாமுன்னு சொல்லாதீங்க கண்ணு, இப்பத்தான் குடிச்சேன்னு சொல்லுங்க." இருவருக்கும் நடுவில் பத்தடிகூட இருக்காது.

பயன்பட்ட அலசல் நீர் உண்மையாகவே தொட்டிக்கு வந்தது. லேசாகக் கலங்கலாக, சோப்பு வாசத்தோடு இருந்தது. ரங்கசாமி அதைத் துணிக்கு விடும்போது கண்ணை மூடிக்கொண்டார். நாள் முழுவதும் தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். என்னால் உட்கார முடியவில்லை.

மாலையில் கறுப்பு வந்தது. கறுப்பாகவே இருந்தது. ரங்கசாமி அதை வெளிச்சத்தில் பிடித்து, தேய்த்து, மறுபடி பிடித்து, "கருப்புக்கு ஆவுதுங்க" என்றார். முதல் தடவையாக அவர் குரலில் மரியாதை கொஞ்சம் குறைந்து, உண்மை கொஞ்சம் கூடியிருந்தது.

பிறகு ரோஸ் வந்தது. அம்மை போட்ட முகம் மாதிரி திட்டுத் திட்டாக. மிச்சமிருந்த உப்பும் சோப்பும் சேர்ந்து சாயத்தை ஒழுங்காகப் பிடிக்கவிடவில்லை. சென்னியப்பன் ஒரு முனையைக் கையில் எடுத்தார்.

"பரவால்லீங்க அம்மணி" என்றார்.

"பரவாயில்லை என்று சொல்லாதீர்கள்" என்றேன். "என் கணக்கு வெளிர்நிறத்துக்குத் தப்பு. அந்தத் தண்ணீர் அதற்குப் போதாது. சுத்திகரிப்பு இல்லாமல் ஆகாது."

யாரும் என்னை மறுக்கவில்லை, யாரும் ஒப்புக்கொள்ளவும் இல்லை. சரசக்கா அன்றிரவு எனக்குச் சந்தகை என்ற அரிசிச் சேவையை இரண்டு பிடி கூடுதலாக வைத்தார். துக்க வீட்டில் வைப்பது மாதிரி இருந்தது.

வெள்ளிக்கிழமை அதிகாரி வந்தார். வெயிலில் வந்த களைப்பில் அவருக்கு எல்லாம் சீக்கிரம் முடிய வேண்டும் என்று இருந்தது. புதுக் குழாய்களைப் பார்த்தார், கறுப்புத் துணியைப் பார்த்தார், திருப்தியாகத் தலையை ஆட்டினார். ரோஸ் துணியை ரங்கசாமி மூட்டை கட்டி ஒரு மூலையில் வைத்திருந்தார். யாரும் அதைக் காட்டவும் இல்லை, மறைக்கவும் இல்லை. நான் வாயைத் திறந்தேன். ஆனால் அதிகாரி என் பக்கம் திரும்பவில்லை. மனுக் கொடுத்தவர் பக்கம் திரும்பினார்.

"என்னங்க பெரியவரே, உங்க புகார்தான். இப்பத் தண்ணி நின்னுடுச்சா? திருப்திதானே?"

எல்லோரும் நாச்சிமுத்து அண்ணனைப் பார்த்தோம். அவர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டவில்லை. ஆனால் உள்ளதைச் சொல்லச் சொல்லிக் கண்ணால் கெஞ்சியிருப்பேன் என்று நினைக்கிறேன். பிறகு தம்பியைப் பார்த்தார். தம்பி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். 

"இல்லீங்க" என்றார் நாச்சிமுத்து அண்ணன்.

அதிகாரி பேனாவை நிறுத்தினார்.

"கருப்பு நின்னுபோச்சுங்க, நான் உக்காந்து பாத்தனுங்க. ரோசு நிக்கலீங்க. அந்தத் தண்ணி எனக்குத்தான் வருதுங்க."

அந்த ஊருக்கு வந்ததிலிருந்து நான் முகத்துக்கு நேராகக் கேட்ட முதல் 'இல்லை' அது.  அதிகாரி சென்னியப்பனிடம் கேட்டார்: "இதுக்கு என்ன சொல்றீங்க?"

"அண்ணன் சொல்றது செரிதானுங்க" என்றார் சென்னியப்பன். நிமிர்ந்து சொன்னார்.

வெளிர்நிற வரிசையின் மோட்டார்களுக்கு அதிகாரி சீல் வைத்தார். சுத்திகரிப்புக்கு வழி செய்யும்வரை அந்தப் பக்கம் ஓடக்கூடாது. கறுப்பு வரிசைக்கு மின்சாரம் இருக்கும். பட்டறையில் பாதி நின்றுவிட்டது, பாதி ஓடியது. ரங்கசாமி ஓடிக்கொண்டிருந்த பாதிக்குப் போய், கறுப்புத் தொட்டி நீரைத் திறந்துவிடாமல் அடுத்த துணிக்காக வைத்துக்கொண்டார். யாரும் அவரிடம் சொல்லவில்லை.

ஜீப் கிளம்பியது. தூசி அடங்கியது. சகோதரர்கள் இருவரும் வாசலில் நின்றார்கள்; இந்தத் தடவை நடுவில் தூண் இல்லை. என்னையும் காணாததால் யாரை விட்டுப் பேசுவது என்று தெரியாமல் நின்றார்கள். நான் வேண்டுமென்றேதான் ஓர் இயந்திரத்தின் பின்னால் ஒதுங்கியிருந்தேன்.

"சோறு உண்டயாடா?" என்று கேட்டார் அண்ணன்.

அந்தப் பக்கத்தில் இந்தக் கேள்விக்கு, மூன்று நாள் பட்டினி கிடந்தவரும் 'ஆச்சுங்க' என்றுதான் சொல்வார். சென்னியப்பன் சீல் வைத்த மோட்டார்களை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"இல்லீங்ணா" என்றார்.

"வா."

இரண்டு பேரும் தோப்பைப் பார்த்து ஓடைக் கரையோடு நடந்தார்கள். நானும் அன்று காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. என்னைக் கூப்பிட யாருக்கும் தோன்றவில்லை.